நாயையும் சேர்த்து நாப்பத்திநாலு

நடுவர் ஐயாவுக்கும் அந்தியூர்ச் சனத்துக்கும் வணக்கமுங்க. நம்ம பர்கூர் மலை மாட்டுப்பட்டி காக்க வேண்டிய சொத்தா, காலம் போன சுமையா? நான் சொத்து அணிங்க.

எதிரணித் தம்பி கேட்டாரு: "சாணி நாத்தத்துக்குப் பாரம்பரியம்னு பேரு வெச்சாச் சந்தனமாயிருமா?" கைதட்டுனீங்க. காலையில மஞ்சக்காட்டுக்கு எரு கொட்டுன கைதானுங்களே அது! பர்கூர் மாட்டுக்குப் பாலைவிட எருவுலதான் பேரு. லாரியேறிக் கீழ வருது. தம்பி மத்தியானம் மூணு தடவை சாம்பார் ஊத்திக்கிட்டாரு. பக்கத்துல உக்காந்து எண்ணுனேன். அதுல கெடந்தது மஞ்சளுங்க தம்பி, சந்தனம் இல்லை.

எண்ணுனதுன்னதும் ஞாபகம் வருது. காலேஜ் படிக்கறப்ப அப்புச்சிகூடக் காளைக்கன்னு பார்க்க அந்த மலைக்குப் போனேன். காட்டுக்குள்ள கம்பும் முள்ளும் வெச்சு அடைச்ச பட்டி. பொழுது எறங்க மாடுக வருது, செவப்புல வெள்ளைத் திட்டு. படல்கிட்ட நின்ன பெரியவர், கன்னடம் கலந்த தமிழ்ல, "ஒண்ணு வரல"ன்னாரு. எண்ணவே இல்லீங்க! நான் கணக்குல பட்டம் படிக்கறவன், உடுவனா? எண்ணுனேன், நாப்பத்தொண்ணு. மறுக்கா எண்ணுனேன், நாப்பத்திமூணு. மூணாந்தரம் நாப்பத்திநாலு! பெரியவர் மெதுவாச் சொன்னாரு: "சாமி, கடைசியா எண்ணுனது எங்க நாயிங்க."

அப்புச்சி சாகற வரைக்கும் வந்த ஒறம்பரைகிட்டயெல்லாம் இதைச் சொன்னாரு. எனக்குப் பொண்ணு பார்க்கப் போன எடத்துலயும் சொன்னாரு!

"எண்ணாம எப்படிங்க தெரியும்?"னு கேட்டேன். "ஊட்டுல ஒரு புள்ள சோத்துக்கு வரலீன்னா உங்கம்மா எண்ணியா பாக்கறாங்க?"ன்னாரு.

பதிற்றுப்பத்துல சேரனோட யானைப் படையைச் சொல்ல வந்த புலவர், கொங்கர் மாடு பரவுன மாதிரின்னு பாடுறாரு. மாட்டுக்கு யானையச் சொல்லலீங்க, யானைக்கு மாட்டைச் சொல்றாரு!

சரணாலயத்துக்குள்ள மேய்க்கக்கூடாதுன்னு 2022ல உயர்நீதிமன்றம் சொல்லிருச்சு. 2024ல பர்கூர்க் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ள வந்துருச்சு. புலிக்கும் காடு வேணும், மறுக்கலீங்க. அதை நடுவர் பார்த்துக்கட்டும்.

போன தையில நம்மூட்டுப் பட்டிப்பொங்கல்ல "பட்டி பெருக"ன்னு கூவிட்டு, மக்யா நாள் மலையேறுனேன். படல்கிட்ட அதே பெரியவர். கண்ணு மங்கிப்போச்சு. மாடுக வந்துச்சு. "எல்லாம் வந்துருச்சுங்களா?"ன்னேன். அந்த மனுசன், நடுவர் ஐயா, வெரலை மடக்கி எண்ணுனாரு. ரெண்டாவது கைக்குப் போகவே இல்லீங்க.