கடலிலிருந்து பார்க்க வேண்டிய ஏழு மலைகள்

வணக்கம் நேயர்களே. இத்தாலியின் தென்கோடியில் சிசிலி என்ற பெரிய தீவு இருக்கிறது இல்லையா, அதன் வடகரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, திரேனியக் கடலில் ஏழு சின்னத் தீவுகள் இருக்கின்றன. லிபாரி, வுல்கானோ, சலினா, பனாரேயா, ஸ்ட்ரோம்போலி, ஃபிலிகூடி, அலிகூடி. மொத்தமாக ஏயோலியத் தீவுகள் என்பார்கள். இருப்பதில் பெரியது லிபாரி, அதுவே 37 சதுர கிலோமீட்டர்தான். இந்த ஏழையும் படகில் சுற்றுவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவுகளுக்குப் போகிற பலர் கப்பலில் இறங்கி, விடுதியில் பையை வைத்து, கடைத்தெருவில் நடந்து, குளித்து, சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. இவை ஏழும் எரிமலைகள், கடலின் அடியிலிருந்து எழும்பி, உச்சி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிற மலைகள். ஸ்ட்ரோம்போலியை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரிவது 924 மீட்டர், தண்ணீருக்குள் இருப்பது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வீடும் கோயிலும் தோட்டமும் எங்கே கொஞ்சம் சமதளம் கிடைத்ததோ அங்கே இருக்கின்றன. மலை எப்படி உருவானது, எங்கே உடைந்தது, எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு வந்து படிந்தது என்பதெல்லாம் கடலைப் பார்த்த பக்கத்தில், அலை அரிந்து வைத்திருக்கிற பாறைச் சுவரில்தான் தெரிகிறது. அந்தப் பக்கத்துக்குச் சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும்.

சிசிலியின் மிலாட்சோ துறைமுகத்திலிருந்து விரைவுப் படகுகள் போகின்றன, ஒரு மணி நேரத்துக்குள் வுல்கானோ வந்துவிடும். பெரிய கப்பல் மெதுவாகப் போகும், ஆனால் அதில் மேல்தளத்தில் நின்றுகொண்டு போகலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். தீவுக்குப் போன பிறகு சின்னப் படகு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சின்ன எஞ்சின் பொருத்திய ரப்பர் படகுக்கு இத்தாலியில் பெரியவர்களிடம் உரிமம் கேட்பதில்லை, நீங்களே ஓட்டலாம். ஆனாலும் உள்ளூர்ப் படகுக்காரரோடு போவதுதான் நல்லது என்பேன். காற்று அங்கே மணிக்கு மணி திரும்பும். வடமேற்கிலிருந்து வருகிற மயெஸ்த்ராலே அடித்தால் தீவின் தென்கிழக்கில் போய் ஒதுங்க வேண்டும், தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ வந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இது தெரியாமல் காலையில் அமைதியாகக் கிடந்த ஒரு குடாவில் நங்கூரம் போட்டுவிட்டு மதியம் திண்டாடுகிறவர்கள் உண்டு. கிரேக்கர்கள் காற்றுகளுக்கு அதிபதியான ஏயோலஸ் இங்கேதான் குடியிருந்தான் என்று நம்பினார்கள், தீவுகளுக்கு அவன் பெயர்தான். ஹோமரின் காவிய நாயகன் ஓடிசியஸுக்கு எதிர்க்காற்றுகளையெல்லாம் ஒரு தோல்பையில் கட்டிக் கொடுத்து அனுப்பினானாம், வீட்டுக்கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கூட வந்தவர்கள் பையை அவிழ்த்துவிட்டார்களாம். அந்தக் கடலில் ஒரு வாரம் இருந்தவர்களுக்கு அந்தக் கதை ஏன் இங்கே பிறந்தது என்பது புரிந்துவிடும்.

சரி, வுல்கானோவிலிருந்து தொடங்குவோம். தீவு நெருங்கும்போதே கந்தக வாடை படகுக்கு வந்துவிடும். துறைமுகத்துக்கு மேலேயே பெரிய வாய்க்குழி, விளிம்பில் மஞ்சள் பூத்து, புகைந்துகொண்டே இருக்கும். கடைசியாக அது வெடித்தது 1888 முதல் 1890 வரை. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தூங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2021இல் வாயு வெளிவருவது திடீரென்று கூடி, கரியமில வாயு தாழ்வான இடங்களில் தேங்கத் தொடங்கியதால், துறைமுகப் பக்கத்து வீடுகளில் யாரும் இரவில் தங்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. கனமான வாயு அது, தரையோடு தரையாகப் பரவும், தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தனைக்கும் அதே தீவின் மேற்குக் கரையில் போனால் குதிரைக் குகையும், பக்கத்திலேயே வீனஸ் குளம் என்கிற பச்சைத் தண்ணீர்க் குட்டையும் இருக்கின்றன. சின்னப் படகு மட்டும் நுழையும். எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போனால் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடும்.

வுல்கானோவுக்கும் லிபாரிக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கால்வாய். அதில் நெட்டுக்குத்தாகச் சில பாறைகள் நிற்கின்றன, அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்தால் லிபாரி. இந்தத் தீவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு உரை கொடுக்கலாம். ஒப்சிடியன் என்று ஒரு கறுப்பு எரிமலைக் கண்ணாடி, உடைத்தால் கத்தியைவிடக் கூர்மையாக விளிம்பு வரும். உலோகம் வருவதற்கு முன்னால், புதிய கற்காலத்தில், அதுதான் கத்தி, அதுதான் அரிவாள். லிபாரியின் ஒப்சிடியன் தென் பிரான்ஸ் வரைக்கும், எதிரே அட்ரியாட்டிக் கடலின் குரோவேசியக் கரை வரைக்கும் போயிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், பாய்மரம் என்ற ஒன்று இந்தக் கடலுக்கு வருவதற்கு வெகு முன்னால், துடுப்புப் போட்டு, இந்தத் தீவுகளின் மலையுச்சிகளை அடையாளம் பார்த்துக்கொண்டு, கல்லை ஏற்றிப் போன மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தீவுகளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

லிபாரியின் வடகிழக்குக் கரை வெள்ளை வெளேரென்று இருக்கும். அது நுரைக்கல், நாம் குதிகால் தேய்ப்பதற்கு வாங்குகிறோமே அதே கல். மலையையே வெட்டி வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். 2000இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, சுரங்கம் நடப்பது சரியில்லை என்று பல வருடம் பேச்சு நடந்து, 2007இல்தான் வேலை நின்றது. கல் ஏற்றிய பாலங்கள் துருப்பிடித்துக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கே தண்ணீரில் குதித்தால் அடியில் வெள்ளைத் தூள், மேலே சில நேரம் மிதக்கிற கற்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த அழகைப் பற்றி நான் பேசுவது முழுதாக இருக்காது.

ஊர் நடுவே ஒரு பாறைமேல் கோட்டை. 1544இல் உதுமானியக் கடற்படைத் தலைவன் பார்பரோசா வந்து ஊரைப் பிடித்து, கிட்டத்தட்ட மொத்த மக்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் போனான். பிறகு ஐந்தாம் சார்லஸ் பேரரசர் வேறு ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி மதிலைக் கட்டினார். இன்று கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, தொல்லியலாளர் பெர்னாபோ பிரேயா தொடங்கியது. கடலடியில் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த ஜாடிகள் அங்கே அடுக்கடுக்காக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறுங்கள், நீங்கள் போகிற தண்ணீருக்கடியில் என்ன கிடக்கிறது என்று மனதில் இருக்கும்.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தன்னை எதிர்த்தவர்களை இந்தத் தீவுக்கும் அனுப்பிக் காவலில் வைத்தான். கடலே மதில், யார் தப்பிப்பார்கள் என்ற எண்ணம். 1929 ஜூலையில் ஒரு இரவு, கார்லோ ரோசெல்லி, எமிலியோ லுஸ்ஸு, ஃபவுஸ்தோ நித்தி மூன்று பேரும் நீந்திப் போய் இருட்டில் வந்து காத்திருந்த ஒரு மோட்டார் படகில் ஏறி துனீசியாவுக்குப் போய்விட்டார்கள், அங்கிருந்து பிரான்ஸ். ரோசெல்லியை 1937இல் பிரான்சில் தம்பியோடு சேர்த்துக் கொலை செய்தார்கள். லிபாரிக் கரையில் இரவில் படகில் போகும்போது ஊர் விளக்குகள் தெரிய இந்தக் கதையைக் கேட்டேன், உடம்பு சிலிர்த்தது.

சலினா பசுமையான தீவு, இரண்டு கூம்பு மலைகள் ஒட்டி நிற்கின்றன, உயர்ந்தது 962 மீட்டர், மொத்தத் தீவுக்கூட்டத்திலும் அதுதான் உயரம். இங்கே கேப்பர் செடி விளைகிறது. பூ மலர்வதற்கு முன்னால் மொட்டாகப் பறித்து உப்பில் போட்டு வைப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் மொட்டு விரிந்துவிடும், அதனால் விடியற்காலையிலேயே குனிந்து குனிந்து பறிக்க வேண்டும், முதுகு ஒடிகிற வேலை. மல்வாசியா என்ற இனிப்பு ஒயினும் இந்த மண்ணுடையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலொக்செரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளை அழித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். மேற்கே பொல்லாரா குடாவில் படகை நிறுத்தி மேலே பாருங்கள், பாதி உடைந்து கடலில் விழுந்த ஒரு பழைய எரிமலை வாயின் உள்ளே நிற்கிறீர்கள்.

பனாரேயாவின் ஊர்த்தெரு பணக்காரர்களுக்கானது, அதில் எனக்கு அக்கறை இல்லை. அதன் கிழக்கே இருக்கிற குட்டித் தீவுகளுக்குப் போங்கள். லிஸ்கா பியான்கா, பொத்தாரோ பக்கத்தில் கடலின் அடியிலிருந்து வாயு குமிழியாக வந்துகொண்டே இருக்கும், சோடா பாட்டிலைத் திறந்து வைத்தது போல. 2002 நவம்பரில் அது பெரும் வேகத்தோடு பொங்கிக் கடலே கொதிப்பதாகத் தெரிந்தது.

இங்கே நங்கூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொசிடோனியா ஓசியானிகா என்று ஒரு கடற்புல், இது பாசி இல்லை, வேரும் இலையும் பூவும் உள்ள தாவரம், மத்தியதரைக் கடலில் மட்டும்தான் வளர்கிறது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் வீடு, கரை மணலை அலை இழுத்துப் போகாமல் பிடித்து வைப்பதும் அதுதான். வருடத்துக்கு ஒரு விரல்கடை வளர்வதே பெரிய காரியம். ஒரு படகு அதன் மேல் நங்கூரம் போட்டு, காற்றில் சுற்றிச் சுற்றி, காலையில் சங்கிலியை இழுத்தால், ஒரு பெரிய பாத்தி வேரோடு வந்துவிடும். அது திரும்ப வளர்வதற்குள் ஒரு தலைமுறையே போய்விடலாம். மேலேயிருந்து பார்த்தால் மணல் வெளிறித் தெரியும், புல் கருநீலமாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். தயவுசெய்து வெளிறிய இடத்தில் போடச் சொல்லுங்கள், மிதவை இருந்தால் அதில் கட்டச் சொல்லுங்கள். பணம் கொடுக்கிற பயணி கேட்டால் படகுக்காரர் கேட்பார்.

இனி ஸ்ட்ரோம்போலி. பொழுது சாயும் நேரத்தில் ஊர்த்துறையிலிருந்து படகுகள் கிளம்பி, வழியில் ஸ்ட்ரோம்போலிக்கியோ என்ற தனிப் பாறையைச் சுற்றும். பழைய எரிமலை ஒன்று தேய்ந்துபோய், தொண்டையில் இறுகிய கல் மட்டும் நிற்கிறது, அதன் தலையில் ஒரு கலங்கரை விளக்கம். பிறகு வடமேற்குச் சரிவு, ஷாரா தெல் ஃபுவோக்கோ. உச்சியிலிருந்து கடல் வரைக்கும் ஒரே கறுப்புச் சரிவு, ஒரு புல் கிடையாது. எஞ்சினை நிறுத்துவார்கள். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உச்சியில் நெருப்பு எழும்பும், சத்தம் கொஞ்சம் தாமதித்து வரும், அப்புறம் கற்கள் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுகிற ஒலி. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக இப்படியே நடந்துகொண்டிருக்கிறது, மாலுமிகள் இதை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்றார்கள். ஊருக்குள் தெருவிளக்கு கிடையாது என்பதால் நெருப்புக்குப் போட்டியாக எந்த வெளிச்சமும் இல்லை.

ஆனால் இது வேடிக்கைப் பொருள் இல்லை. 2002 டிசம்பர் 30 அன்று இந்தச் சரிவின் ஒரு பகுதி கடலுக்குள் இடிந்து விழுந்து, சுனாமி எழுந்து ஊர்க்கரையில் ஏறியது. குளிர்காலம், கடற்கரையில் ஆள் இல்லை, அதனால் உயிர்கள் தப்பின. 2019 ஜூலை 3 அன்று பெருவெடிப்பில் மலையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு உச்சிக்கு ஏற விடுவதில்லை, படகுகளும் கரையிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். கொஞ்சம் கிட்டப் போகலாமே என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். தீவின் மறுபக்கம் ஜினோஸ்த்ரா என்று ஒரு குக்கிராமம், ஊரிலிருந்து அங்கே சாலை கிடையாது, கடல் வழிதான். பழைய துறை பாறை இடுக்கில் ஒன்றிரண்டு படகு நிற்கிற அளவுக்குத்தான் இருக்கும்.

மேற்கே இருக்கிற இரண்டு தீவுகளுக்குப் பலர் போவதில்லை. ஃபிலிகூடியில் லா கன்னா என்ற பாறை எழுபது மீட்டருக்கு மேல் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கிறது, பக்கத்திலேயே முன்பு கடல்நாய்கள் வாழ்ந்த பெரிய குகை. 1971இல் அரசு மாஃபியா தலைவர்களை இந்தத் தீவுக்கு அனுப்பி வைத்தபோது, தீவுக்காரர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தீவையே விட்டு வெளியேறினார்கள். கடைசியில் அரசுதான் இறங்கி வந்து அந்த ஆட்களை வேறிடத்துக்கு அனுப்பியது. சின்ன ஊர் எதையும் செய்ய முடியாது என்பவர்களுக்கு நான் இதைச் சொல்வது வழக்கம்.

அலிகூடி கடைசி. வட்டமான ஒரே கூம்பு, கார் கிடையாது, கடலிலிருந்து மேலே வரைக்கும் கல் படிகள், மூட்டை முடிச்செல்லாம் கோவேறு கழுதை மேல். குடிதண்ணீர் கப்பலில் வருகிறது, அதனால் குளியலறையில் பார்த்துச் செலவழியுங்கள். கரையை ஒட்டியே கடல் ஆழமாக இறங்கிவிடுவதால் நங்கூரம் நிற்காது. காற்று கிளம்பினால் படகை எடுத்துவிட வேண்டியதுதான். குளிர்காலத்தில் நாட்கணக்கில் கப்பல் வராது, மே மாதமோ செப்டம்பரோ நல்லது.

சிசிலியின் தலைநகர் பலேர்மோவில் ஈழத்திலிருந்து வந்த நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மலைமேல் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் அவர்கள். அங்கிருந்து இதைக் கேட்கிறவர்களுக்கு ஒன்று, நீங்கள் மிலாட்சோ வரைக்கும் அலைய வேண்டாம். கோடையில் உங்கள் துறைமுகத்திலிருந்தே விரைவுப் படகு போகும், முதலில் வருவது அலிகூடி. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னால் அன்றைய காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வணக்கம்.