வின்சென்ட் தே பவுல் சபையின் உதவி யாருக்கு? ஒரு சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

அன்புச் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். இன்றைய சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில், ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: “எங்கள் தெருவில் ஓர் இந்துக் குடும்பம் இருக்கிறது. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் சில மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, அந்த அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்து சமாளிக்கிறார். எங்கள் பங்கிலுள்ள, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த, வின்சென்ட் தே பவுல் சபையிடம் உதவி கேட்கலாமே என்றேன். அது கிறிஸ்தவர்களுக்குத்தானே, மதம் மாறச் சொல்வார்களே என்று தயங்குகிறார். பங்கு மக்களிலேயே சிலர், நம் ஆட்களே கஷ்டப்படும்போது வெளியாட்களுக்கு எதற்கு என்கிறார்கள். வேறு சிலர், வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதே, அள்ளிக் கொடுக்க வேண்டியதுதானே என்கிறார்கள். எது சரி, ஃபாதர்?”

சகோதரி, அந்த அம்மா தயங்காமல் உதவி கேட்கலாம். வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கர்களின் அமைப்பு. அதன் உலகளாவிய விதிமுறையே, உதவி தேவைப்படுபவருடைய சமயத்தையோ, இனத்தையோ, அரசியல் கருத்தையோ பார்க்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. ஆகவே அவர் இந்து என்பதற்காகச் சபை அவருக்குத் தனிச் சலுகை காட்டுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. இந்துவாக இருப்பதாலேயே அவரைத் திருப்பி அனுப்பினால்தான் சபை தன் சொந்த விதியை மீறியதாகும்.

“நம் ஆட்கள் முதலில்” என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் வெறும் வாய்ச்சொல்லாக அதைச் சொல்வதில்லை. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். எல்லாருக்கும் நன்மை செய்யுங்கள், சிறப்பாக நம்பிக்கைக் குடும்பத்தினருக்குச் செய்யுங்கள் என்ற பொருளில் பவுல் அங்கே எழுதுகிறார் என்பது உண்மைதான். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2005ஆம் ஆண்டில் எழுதிய தம் முதல் சுற்றுமடலில் இதே வசனத்தை எடுத்துப் பேசுகிறார். திருச்சபை ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தில் யாரும் வாழ்வதற்கு வேண்டியது இல்லாமல் தவிக்கக்கூடாது என்று முதலில் சொல்கிறார். அதே மூச்சில், அன்புப் பணி திருச்சபையின் எல்லைகளைத் தாண்டிச் செல்ல வேண்டியது என்றும், அதற்கு அளவுகோல் நல்ல சமாரியரே என்றும் சொல்கிறார். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியர் என்ன கேட்டார்? எந்த ஊர், எந்த இனம் என்று ஒன்றும் கேட்கவில்லை. காயத்தைக் கட்டினார், சாவடிக்குக் கொண்டுபோனார், செலவுக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார். பவுலின் வசனத்தில் “சிறப்பாக” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நிற்கும் “எல்லாருக்கும்” என்ற சொல்லைக் கைவிடுவது சரியான வாசிப்பு ஆகாது. பங்கில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் கவனிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால், அந்தக் குடும்பத்தைத் தேடிப் போங்கள். அதற்காக இந்த அம்மாவின் கதவை மூடச் சொல்லாதீர்கள்.

அடுத்து, அந்த அம்மாவின் அச்சம். அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். கணவரை இழந்த, கையில் காசில்லாத ஒரு பெண், “இவர்கள் பதிலுக்கு என்ன கேட்பார்களோ” என்று யோசிப்பது இயல்பு. பணம் கொடுத்த பலர் அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டிருக்கவும் கூடும். திருச்சபை இதுபற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, நம்பிக்கையைப் பரப்பும்போது கட்டாயத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது, நேர்மையற்ற தூண்டுதல் கூடாது என்று கூறிவிட்டு, ஏழைகளிடமும் கல்வியறிவு இல்லாதவர்களிடமும் பழகும்போது இதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று தனியே சேர்த்துச் சொல்கிறது. நான் சற்று முன் குறிப்பிட்ட பெனடிக்டின் சுற்றுமடலோ, அன்பு இலவசமானது, வேறொரு நோக்கத்தை அடைவதற்கான வழியாக அதைச் செய்யக்கூடாது, திருச்சபையின் பெயரால் பிறரன்புப் பணி செய்பவர்கள் தங்கள் நம்பிக்கையை மற்றவர்மேல் ஒருபோதும் திணிக்கமாட்டார்கள் என்கிறது. அரிசிப் பையைத் தூண்டிலாக்கினால், அந்த அரிசி எவ்வளவு நல்ல அரிசியானாலும், அதைக் கிறிஸ்துவின் பெயரால் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

அந்த அம்மா பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், இன்னொரு செய்தியும் அவருடைய பயத்தோடு சேர்ந்திருக்கலாம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவராக மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் நீக்கப்பட்ட இந்தத் தடை, கிறிஸ்தவர்களுக்கு நீக்கப்படவில்லை. இதை அநீதி என்றே நான் கருதுகிறேன். அது வேறொரு நாளுக்குரிய பேச்சு. சபையிடம் மளிகைப் பொருள் வாங்கியதால் அவருடைய பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறாது என்பதை மட்டும் அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். உதவி செய்ய வருபவர் யாராவது “ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால்தான் தருவோம்” என்று சொன்னால், அவர் சபையின் பெயரால் பேசவில்லை. அதை உடனே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். மாறாக, அந்த அம்மாவே விரும்பி, “எனக்காக ஜெபம் பண்ணுங்கள்” என்று கேட்டால், தாராளமாக ஜெபியுங்கள். கேட்பது அவருடைய உரிமை.

சிலர் கேட்கலாம்: இரக்கப்படுகிறவர்கள் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போகலாமே, இதற்கு ஒரு சபை, தலைவர், செயலர், பொருளாளர், வாரக் கூட்டம், கணக்கு நோட்டு எல்லாம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில், புனித வின்சென்ட் தே பவுலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1617ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தையாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாருமே நோயில் படுத்துவிட்டார்கள், கவனிக்க ஓர் ஆள்கூட இல்லை என்று வந்து சொன்னார்கள். அவர் மறையுரையில் அதை எடுத்துச் சொன்னார். பிற்பகலில் அந்த வீட்டுக்குப் புறப்பட்டவர், வழி நெடுகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உணவை எடுத்துக்கொண்டு போவதையும் வருவதையும் கண்டார். மகிழ்ந்தார், ஆனால் உடனே அவருக்கு ஒன்று உறைத்தது. இன்றைக்கு வந்து குவிந்திருக்கும் உணவில் பாதி கெட்டுப்போகும். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது. ஊர்க்காரர்களிடம் இரக்கம் நிறைய இருந்தது, ஒழுங்குதான் இல்லை. ஆகவே அந்தப் பெண்களைக் கூட்டி, முறை வைத்து, இன்ன நாளில் இன்னார் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அது ஒரு பிறரன்பு அமைப்பாக முறைப்படி நிறுவப்பட்டது. அதற்கு அவர் எழுதிக் கொடுத்த விதிகளைப் படித்தால் மனம் நெகிழ்ந்துவிடும்: நோயாளிக்கு முகமலர்ச்சியோடு வணக்கம் சொல்லுவது எப்படி, படுக்கையருகே உணவை எடுத்து வைப்பது எப்படி, சாப்பிட மனமில்லாதவரை அன்பாகச் சாப்பிட வைப்பது எப்படி என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்.

இன்று நம் பங்குகளில் இருக்கும் சபையைத் தொடங்கியவர் வின்சென்ட் தே பவுல் அல்லர். அவர் 1660இல் இறந்துவிட்டார். 1833ஆம் ஆண்டு ஏப்ரலில், பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்கள் சிலரும், இம்மானுவேல் பாய் என்ற மூத்தவரின் துணையோடு இதைத் தொடங்கினார்கள். ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. முந்தின ஆண்டுதான் காலரா நோய் பாரிஸைச் சூறையாடியிருந்தது. மாணவர்களின் விவாதக் கூட்டம் ஒன்றில் எதிர்த்தரப்பினர், “உங்கள் திருச்சபை பழங்காலத்தில் என்னென்னவோ செய்தது, சரி, இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள்?” என்ற கருத்தில் கேட்டுவிட்டார்கள். ஓசானாம் அதற்கு இன்னொரு கட்டுரை எழுதிப் பதில் சொல்லவில்லை. அவரும் நண்பர்களும், மூஃப்தார் என்ற ஏழைப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பணிசெய்துவந்த பிறரன்புப் புதல்வியர் சபையின் சகோதரி ரோசலி ரெந்துவிடம் போய் வழி கேட்டார்கள். அவர் இன்ன வீட்டுக்குப் போங்கள் என்று குடும்பங்களைக் காட்டினார். ரொட்டிக்கும் விறகுக்குமான சீட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்பினார். ஏழையின் வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் ஓசானாம் 1997இலும், சகோதரி ரோசலி 2003இலும் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்கள்.

ஆகவே வீடு சந்திப்புதான் இந்தச் சபையின் உயிர். உறுப்பினர்கள் இருவராக அந்த அம்மாவின் வீட்டுக்கு வருவார்கள். வேவு பார்க்க வருகிறார்கள் என்று அவர் நினைத்துவிடாதபடி, நீங்கள் முன்கூட்டியே விளக்கிச் சொல்ல வேண்டும். வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எந்த வகுப்பு, கடன் இருக்கிறதா, வட்டிக்கு வாங்கியிருக்கிறாரா என்று கேட்பார்கள். உட்கார்ந்து பேசினால்தான், அரிசியைவிடப் பையனின் கல்விக் கட்டணம் அவசரம் என்றோ, அம்மாவே சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்காமல் நிறுத்திவிட்டார் என்றோ தெரியவரும். அங்கே கேட்டது சபையின் கூட்டத்துக்கு வெளியே போகக்கூடாது. கோயிலில் பெயர் வாசிப்பதும், அரிசிப் பையைக் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் சபையின் உணர்வுக்கு முற்றிலும் எதிரானவை. பல பங்குகளில் இது வழக்கமாகிவிட்டதைக் கண்டு எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னது நமக்குத்தான். அந்தப் படத்தை நாளை அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பங்கிலுள்ள கிளைச் சபையின் பணம் பெரும்பாலும் அந்தப் பங்கு மக்களின் பணமே. வாரக் கூட்டத்தில் இரகசியக் காணிக்கை என்று ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, வசதியில்லாத உறுப்பினர் வெறுங்கையை விட்டு எடுத்தாலும் தெரியாது. அதோடு ஏழைகள் உண்டியலும், நன்கொடைகளும் உண்டு. இதைக் கொண்டு மாதாமாதம் சில குடும்பங்களுக்கு மளிகைப் பொருளும், மருந்தும், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியும்தான் கொடுக்க முடியும். பெரிய கடனை அடைத்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு அந்த அம்மாவை அழைத்துப் போகாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வெளிநாட்டு உதவி என்று மக்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வேறோர் அமைப்பைப் பற்றியது. மறைமாவட்டங்களில் சமூக சேவைச் சங்கங்கள் இருக்கின்றன. தேசிய அளவில், ஆயர் பேரவை 1962இல் ஏற்படுத்திய காரித்தாஸ் இந்தியா இருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, நாகப்பட்டினம் கடற்கரையிலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் இவைதான் இறங்கி வேலை செய்தன. நாகப்பட்டினத்து மீனவக் கிராமங்களில் பெரும்பாலானவை இந்துக் கிராமங்கள் என்பதை, “நம் ஆட்கள் முதலில்” என்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது. ஆனால் அத்தகைய பணம் குறிப்பிட்ட திட்டத்துக்காக வருவது. வேறு செலவுக்கு எடுக்க முடியாது. 2020ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அதைப் பெறும் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடுவரை என்றிருந்த வரம்பும் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மேலே பெற்றுக் கீழேயுள்ள சிறிய சங்கங்களுக்குப் பகிர்ந்துகொடுத்த பழைய வழி அதோடு அடைபட்டுவிட்டது. ஆகவே உங்கள் தெருவிலுள்ள குடும்பத்துக்கு யாரோ தொலைவிலிருந்து கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

இனி, சகோதரி, நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அந்த அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். பங்கு அலுவலகத்தில் சபையின் கூட்டம் எந்த நாளில் என்று கேட்டு, தலைவரைச் சந்தியுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் கையில் இருக்கட்டும். கணவர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தாரா என்று முதலில் பாருங்கள். அவருடைய வாரிய அட்டை வீட்டில் எங்காவது இருக்கும். பதிவு இருந்தால், குடும்பத்துக்குச் சேர வேண்டிய இறப்பு உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியத்துக்கு அவர் தகுதி பெறுவாரா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அது 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவை அரசு தரும் சலுகை என்று கூச்சப்பட வேண்டாம், அவருக்குரிய உரிமை. படிவம் நிரப்பவும், இ-சேவை மையத்துக்கும் அலுவலகத்துக்கும் கூட வரவும் சபை உறுப்பினர்களைக் கேளுங்கள். நல்ல கிளைச் சபைகள் இதை விருப்பத்தோடு செய்கின்றன. உங்கள் பங்கில் கிளைச் சபை செயல்படாமல் கிடந்தால், அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு, பங்குத்தந்தையிடம் நேரில் பேசுங்கள்.