மலைக்கு எத்தனை பல்?

வணக்கம் நேயர்களே. மலை ஏறுவதற்குச் சைக்கிளில் எந்தக் கியர் வேண்டும் என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை, மதுரையில் சின்னதாக ஓர் இரும்புச் சாமான் கடை வைத்து ஆணியும் போல்ட்டும் விற்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மலைப் பக்கம் போய்விடுகிறவன், என் தகுதி அவ்வளவுதான்.

நம்ம ஊர்க்காரனுக்கு மேடு என்றால் என்னவென்று தெரியாது. யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் என்று நாலு பக்கமும் மலை இருக்கிறது, ஆனால் ரோடு எல்லாம் அதன் காலடியிலேயே போய்விடும். எல்லீஸ் நகர் பாலத்தில் ஏறி இறங்கினால் நாம் ஏறவேண்டிய மேடு முடிந்தது. அதனால் கியர் சைக்கிள் வாங்கப் போகிற நம்ம பையன் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, இதுல எத்தனை கியர்?" என்பதுதான். 21 என்றால் நல்லது, 24 என்றால் இன்னும் நல்லது, ஏதோ ஜவுளிக்கடையில் நூல் எண்ணிக்கை கேட்கிற மாதிரி. நானும் அப்படித்தான் கேட்டேன், அதற்கான பலனை சிறுமலையில் அனுபவித்தேன்.

சிறுமலை ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகள். நண்பரின் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திண்டுக்கல் போய், அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தேன். என்னுடையது வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு சைக்கிள், மெல்லிய டயர், பார்க்க அழகாக இருக்கும். முதல் மூன்று வளைவு வரைக்கும் வீரம் இருந்தது. நாலாவதில் கியரைக் குறைக்கலாம் என்று லீவரைத் தட்டினால் அது டக்கென்று நின்றுவிட்டது. குறைக்க ஒன்றும் மிச்சமில்லை, அதுதான் கடைசி. ஐந்தாவது வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருந்தது, எழுந்து நின்று மிதித்தேன், ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் ஆடியது, இடது முழங்காலுக்குள் யாரோ கம்பி விட்டுக் குடைகிற மாதிரி ஒரு வலி. இறங்கி உருட்ட ஆரம்பித்தேன். மேலே இருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஏப்பா, அது உன்னயக் கூட்டிட்டுப் போகுதா, நீ அதக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, செயின் ஓடுகிற பல்சக்கரங்களின் பல்லை எண்ணினேன். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு அதிலிருந்து எண்ணவேண்டும், இல்லையென்றால் சுற்றி வரும்போது எங்கே ஆரம்பித்தோம் என்று தொலைத்துவிடுவோம். முன்னால் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம், 50 பல், 34 பல். பின்னால் இருப்பதில் பெரியது 25. சின்னது முன்னால், பெரியது பின்னால், இதுதான் சைக்கிளின் ஆக லேசான கியர். 34-ஐ 25-ஆல் வகுத்தால் 1.36. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்கும் மேலே சுற்றவேண்டும். அந்த டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், ஆகவே ஒரு சுற்று மிதிக்கு நான் 2.86 மீட்டர் போயே ஆகவேண்டும், மேடாக இருந்தாலும் சரி, மூச்சு முட்டினாலும் சரி.

இந்த மீட்டர் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். நம் அப்பாமார் ஓட்டிய 28 இஞ்ச் சைக்கிளை எடுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் நிற்கிற அந்தக் கறுப்புச் சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18, ஒரு மிதிக்குக் கிட்டத்தட்ட 5.4 மீட்டர். சமதளத்தில் அருமையான கியர், அரிசி மூட்டையோடு கூடப் போகலாம். அதையே மலையில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓட்டினால் நிமிடத்துக்கு 24, 25 சுற்றுதான் வரும், அது மிதிப்பது இல்லை, மாடிப்படி ஏறுவது, அதுவும் தலையில் சுமை வைத்துக்கொண்டு.

சரி, எவ்வளவு வேண்டும்? என் எடை, சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிற மேடு, மலை ரோடுகளில் சாதாரணமாக வருவதுதான். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நொடிக்கு ஒரு சுற்று மிதித்தால், என் பழைய கியரில் 150 வாட்டுக்கு மேல் உடம்பு கொடுக்கவேண்டும். அதே மேட்டில் ஒரு மிதிக்கு 1.77 மீட்டர் போகிற சைக்கிளாக இருந்தால் 100 வாட் போதும். பழைய குண்டு பல்பு ஒன்றை எரிக்கிற அளவு. கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்க்கிற என்னைப் போன்ற ஆள் 100 வாட்டை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பான், 150-ஐப் பத்து நிமிடம். மெதுவாக மிதித்தால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். வாட் குறையும், உண்மைதான், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் காலால் அழுத்துகிற பாரம் குறையாது, லேசான கியரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலேதான் இருக்கும். முழங்கால் கெடுவது அங்கேதான்.

அந்த 1.77 மீட்டர் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? விலை குறைந்த எம்.டி.பி., அதாவது கரடுமுரடான பாதைக்கென்று செய்த தடி டயர் சைக்கிளிலிருந்து. முன்னால் மூன்று சக்கரம், 42, 34, 24. பின்னால் ஏழு, 14-இல் ஆரம்பித்து 28 வரைக்கும். 24-ஐ 28-ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் கீழே, 0.86. நான் காசு போட்டு வாங்கிய அழகான சைக்கிளைவிட, எதிர்வீட்டுப் பையன் டியூஷனுக்கு ஓட்டுகிற தடி டயர் சைக்கிள் மலைக்குப் பொருத்தமான கியரோடு இருந்திருக்கிறது! அதற்காக மூன்றை ஏழால் பெருக்கிச் சொல்கிற அந்த 21-ஐ நம்பிவிடாதீர்கள். முன்னால் 42, பின்னால் 28 போட்டால் 1.5. முன்னால் 24, பின்னால் 16 போட்டாலும் அதே 1.5. இப்படி ஒன்றோடொன்று இடிக்கிற கியர்கள் நிறைய, உண்மையில் வித்தியாசமாக இருப்பது அதில் பாதிதான் தேறும். இப்போது வருகிற நல்ல எம்.டி.பி.யில் முன்னால் ஒரே சக்கரம்தான், பின்னால் பன்னிரண்டு, அதில் பெரியது 51 பல், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். எண்ணிக்கைப்படி 12 கியர்தான், ஆனால் எந்த 21 கியர் சைக்கிளும் ஏறத் திணறுகிற இடத்தில் அது ஏறும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்வி, "முன்னால சின்னது எத்தனை பல், பின்னால பெருசு எத்தனை பல்?" பின்னால் இருப்பது முன்னால் இருப்பதற்குச் சமமாகவாவது இருக்கவேண்டும், அதற்குமேல் இருந்தால் ரொம்ப நல்லது. ரோடு சைக்கிள்தான் வேண்டும் என்கிறவர்கள் 34-க்கு 34 கேளுங்கள், அல்லது முன்னால் 46, 30 சோடி போட்டது கிடைத்தால் அதை எடுங்கள். ரொம்பவும் லேசாகப் போவதிலும் அர்த்தமில்லை, மிதிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால், நொடிக்கு ஒரு சுற்று மிதித்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர்தான் வரும், சைக்கிள் நேராக நிற்காது, இறங்கி நடப்பது கௌரவம்.

கடைக்காரர் ஒருவர் என்னிடம், "இவ்வளவு லேசா வச்சா சமதளத்துல வேகம் போயிரும் சார்" என்றார். முன்னால் 50, பின்னால் 11 என்றால் ஒரு மிதிக்கு ஒன்பதரை மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில் எதிர்க்காற்றில் அப்படிப் போகிற ஆள் இந்த உரையைக் கேட்கவேண்டியதே இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. பின்னால் 11 முதல் 34 வரை அகலமாகப் பரப்பினால் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடும், சமதளத்தில் ஒன்று கனமாக இருக்கும், அடுத்தது வெறுமனே சுற்றும். எனக்கு அது முதல் வாரம் உறுத்தியது, அப்புறம் மறந்துபோனது.

மாற்றும்போது பின்னால் பெரிய பல்சக்கரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் நிற்காதீர்கள், நான் நின்றேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிச் சக்கரத்தோடு ஒரு கை தொங்கும், டீரெய்லர் என்பார்கள். அதற்கு இரண்டு வரம்பு உண்டு. எவ்வளவு பெரிய பல்வரை ஏற முடியும் என்பது ஒன்று. மொத்தம் எவ்வளவு தொய்வை இழுத்துப் பிடிக்கும் என்பது இன்னொன்று. முன்னால் 50-இல் 34 போனால் 16, பின்னால் 34-இல் 11 போனால் 23, கூட்டினால் 39 பல். கை குட்டையாக இருந்தால் இதைத் தாங்காது, செயின் தொங்கும், அல்லது பெரியதுக்குப் பெரியது போடும்போது முறுக்கிப் பிடித்து டீரெய்லரையே பிய்த்துவிடும். நீளமான கையும் நீளமான செயினும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். அப்புறம் உங்கள் சைக்கிளின் பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு மரை போட்டுத் திருகுகிற ஃப்ரீவீலா, வரிசையாகக் கோக்கிற கேசட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

இதெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? பிரான்சில் டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1903-இல் ஆரம்பித்தது, டீரெய்லர் போட்ட சைக்கிளை அதில் 1937 வரைக்கும் அனுமதிக்கவில்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் இருக்கிற பெரிய பல் செயினில் வருகிற மாதிரித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஆல்ப்ஸ் மலையில், குளிரில், கையில் கிரீசோடு. கியரைக் குறைப்பது ஆண்பிள்ளைத்தனம் இல்லை என்று நம்ம ஊரில் இன்றைக்கும் சில பேர் சொல்வதைக் கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும்.

நல்ல கியர் இருந்தும் மாற்றத் தெரியாமல் கெடுப்பதும் உண்டு. வளைவுக்குள் போய் முழு பாரத்தையும் பெடலில் போட்டுக்கொண்டு லீவரைத் தட்டினால் செயின் கறகறவென்று அரற்றும், சமயத்தில் உள்பக்கம் விழுந்து சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். வளைவு கண்ணில் பட்டதுமே, கால் இன்னும் சுகமாக இருக்கும்போதே, ஒரு சுற்று மிதியை லேசாக்கி மாற்றிவிடுங்கள். முன்னால் சின்னதுக்கு இறக்குவதை இன்னும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். உள்வளைவு செங்குத்து, முடிந்தால் வண்டி வராதபோது கொஞ்சம் வெளியே தள்ளிப் போங்கள்.

எந்த மலை என்று கேட்டால், முதல் தடவைக்குச் சிறுமலை போகாதீர்கள். அடிவாரத்தில் இருக்கிற காட்ரோடு என்ற ஊரிலிருந்து கொடைக்கானல் ஏறுவது தூரம் அதிகம், 50 கிலோமீட்டர் பக்கம், ஆனால் சராசரியாக நூறு மீட்டருக்கு 3, 4 மீட்டர்தான் ஏறும். பொறுமை இருந்தால் போதும். போடிமெட்டு 17 வளைவு, அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 34-க்கு 34 போட்டுக்கொண்டு திரும்பவும் சிறுமலைக்குப் போனேன். உட்கார்ந்தபடியே ஏறினேன், மூன்று இடத்தில் நின்றேன், இரண்டு தண்ணீருக்கு, ஒன்று வெறுமனே வேடிக்கை பார்க்க. இறங்கும்போதுதான் தப்பு செய்தேன். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்து, பத்தாவது வளைவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டால் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு கையாலும். விரல் கொப்புளம் ஆற நாலு நாள் ஆனது, கடையில் ஆணி எண்ணிக் கொடுக்க என் மனைவிதான் நின்றாள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.