கிருமி தெரிந்தால் நோய் புரிந்துவிடுமா?

நடுவர் அவர்களே! காசநோயைப் புரியவைத்தது ஆய்வுக்கூடமா, நோயாளியின் வீடா? வீடுதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் 1882 மார்ச் 24-ஐ விட்டு நகரவே மாட்டேன் என்கிறார். பெர்லினில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டிய நாள். நிறமேற்றிக் கண்டார், இரத்தச் சீரத்தில் வளர்த்தார், கினிப்பன்றிக்குச் செலுத்தி நோயை வரவழைத்தார். மறுக்கவில்லை. அதே கோக்தான் 1890-இல், அந்தக் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாறு இந்நோயைத் தீர்க்கும் என்றார். தீர்த்ததா?

'காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்ததே!' என்பீர்கள். 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள்; படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். நல்ல மருந்துதான். ஆனால் தனி மருந்துக்கு அடங்காத கிருமிகள் பலருடைய உடலில் பெருகின. மருந்துகளைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அந்த நோயாளிகளின் உடம்பு.

மருந்து கிடைத்த பிறகும் 'சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், படுத்தால்தான் குணமாகும்' என்ற நம்பிக்கை போகவில்லை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது! 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் இதைச் சோதித்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஓராண்டு. சானடோரியத்தில் சத்தான சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டிலோ நெரிசல், அரைவயிறு, சீக்கிரமே வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். 1959-இல் வெளியான முடிவு: வீட்டுப் பிரிவு ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானது. ஐந்தாண்டு கவனித்தும், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. இதை எந்த நுண்ணோக்கியில் பார்ப்பீர்கள், ஐயா?

இன்னொன்று. பாஸ் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைப் புரட்டும். வாங்கிப்போனவர்கள் எல்லாரும் விழுங்கவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார்கள். நிறம் ஊதாச் சிவப்பாக மாறாவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மருந்து நல்லதாக இருந்தும் நோய் ஏன் தீரவில்லை என்பதற்கு விடை அங்கேதான் கிடைத்தது. அதனால்தான் வாரம் இருமுறை, ஊழியர் கண்முன்னே ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1964-இல் வெளியான அந்த ஆய்வில், தினமும் வீட்டில் விழுங்கும் முறைக்கு இது சளைக்கவில்லை.