பயணத்துக்கு ஒரு ஹாம் ரேடியோ நோடு

[காட்சி: ஓட்டல் மேசை. ராஸ்பெர்ரி பை கணினி, அதனுடன் சிறிய ரேடியோ பலகை, பக்கத்தில் கையடக்க ரேடியோ.]

வணக்கம். உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்கள்தான் ஹாம்கள். அவர்களுடைய ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் பெட்டிக்குப் பெயர் நோடு. இந்தச் சின்னப் பெட்டி இருந்தால், எவ்வளவு தொலைவில் தங்கியிருந்தாலும் இணையத்தோடு இணைந்த நம் ஊர் ரிப்பீட்டரில், அதாவது வரும் சிக்னலை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்பும் நிலையத்தில், பேசலாம். கையடக்க ரேடியோவிலிருந்து பெட்டி வரைதான் வானலை. மிச்சத் தொலைவை இணையம் கடந்துவிடுகிறது. “இது ரேடியோவே அல்ல” என்று முகம் சுளிக்கும் ஹாம்கள் உண்டு. ஜன்னல் திறக்காத எட்டாவது மாடி அறையில் நீளக் கம்பி ஆண்டெனா கட்டச் சொல்லிப் பாருங்கள்!

[காட்சி: ரேடியோ பலகையின் அண்மைக் காட்சி.]

பலகையில் இருப்பது எஸ்ஏ818 என்ற குறைந்த திறன் ரேடியோ. யுஎஸ்பி ஒலிச் சிப் அதைக் கணினியோடு இணைக்கிறது. நோடுகளை இணையம் வழியாக இணைக்கும் மென்பொருள் ஆல்ஸ்டார்லிங்க். இதன் அடித்தளம் ஆஸ்டரிஸ்க் என்ற இன்னொரு மென்பொருள். அலுவலகத் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதப்பட்டது. ஜிம் டிக்சன் என்ற அமெரிக்க ஹாம் அதை ரேடியோவுக்குத் திருப்பினார். அதனால்தான் ஒவ்வொரு நோடுக்கும் ஓர் எண். உரிமத்தைக் காட்டிப் பதிவு செய்தால் கிடைக்கும். ரேடியோவின் விசைகளில் *3 அழுத்தி எதிர் நோடின் எண்ணைத் தந்தால் இணைப்பு. *1 உடன் அதே எண்ணைத் தந்தால் துண்டிப்பு. முதலில் 55553-ஐ அழையுங்கள். நீங்கள் பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லும்.

அலைவரிசையை உள்ளூர் விதிப்படி தேர்ந்தெடுங்கள். செயற்கைக்கோள்களுக்கான 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை வேண்டாம். சிடிசிஎஸ்எஸ் தொனியைக் கட்டாயம் வையுங்கள். பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி அது; அதைக் கேட்டால்தான் நோடு திறக்கும். அது இல்லையென்றால் அறையிலுள்ள மலிவான சார்ஜரின் இரைச்சல்கூட நோடைத் திறந்துவிடும். இணைந்திருக்கும் அத்தனை பேரும் அந்த இரைச்சலைக் கேட்பார்கள்.

[காட்சி: கைப்பேசியில் ஓட்டல் வைஃபை உள்நுழைவுப் பக்கம்.]

உண்மையான தலைவலி வலையமைப்புதான். ஓட்டல் வைஃபை அறை எண்ணையும் பெயரையும் கேட்கும். திரையில்லாத நம் பெட்டி எப்படிப் பதில் சொல்லும்? சிறிய பயண ரவுட்டர் ஒன்றை நடுவில் வைத்து, கைப்பேசி வழியாக ஒருமுறை உள்நுழைந்தால் போதும். நம் நோடு பேச்சை அனுப்பப் பயன்படுத்தும் யுடிபி என்ற இணையப் போக்குவரத்து முறையைச் சில ஓட்டல்கள் தடுத்துவிடும். அங்கே கைப்பேசியின் டேட்டாவைப் பகிருங்கள்.

ஆனால் கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. நீங்கள் பிறரை அழைக்கலாம்; பிறர் உங்களை அழைக்க முடியாது. பயணத்துக்கு அது போதும் என்பேன். போதாது என்பவர்கள் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் மூலம் வீட்டு ரவுட்டர் வழியாகச் சுற்றிவரலாம். வலையமைப்பு மாறியதும் சில நிமிடங்கள் பொறுங்கள். அழைப்பு வரும் முகவரி பதிவில் உள்ளதுதானா என்று எதிர் நோடு சரிபார்க்கும். புதிய முகவரி பரவுவதற்குள் அழைத்தால் மறுத்துவிடும்.

வெளிநாடு என்றால் அந்நாட்டு அனுமதி இல்லாமல் ஒலிபரப்பாதீர்கள். அமெரிக்காவில் பேசும்போது குறைந்தது 10 நிமிடங்களுக்கு ஒருமுறை கால்சைன், அதாவது உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறியீட்டைச் சொல்ல வேண்டும்.

[காட்சி: பெட்டியைக் கழற்றும் கைகள்.]

கிளம்பும்போது கணினியை முறையாக நிறுத்திய பிறகே மின்கேபிளை உருவுங்கள். இல்லாவிட்டால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். அடுத்த ஊரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும்.