இருபது ஆசனங்களும் ஐந்து ஆண்டுகளும்: வடக்கு மாகாண சபையின் ஆயுட்காலம்

(கிளிநொச்சியில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

வடக்கு மாகாண சபையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் தொடங்கி யாழ்ப்பாணத்திலேயே முடித்துவிடுகிறார்கள். சபை கூடிய கட்டடம் கைதடியில் இருந்ததும், முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் யாழ். மாவட்டத்தில் 132,255 விருப்பு வாக்குகளைப் பெற்று வந்ததும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் 2013 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலுக்காக மாவட்டங்களுக்குப் பங்கிடப்பட்ட 36 ஆசனங்களைக் கூட்டிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்து ஐந்து, கிளிநொச்சிக்கு 4. அதிக வாக்குப் பெற்ற கட்சிக்குரிய போனஸ் ஆசனங்கள் இரண்டையும் ஒதுக்கிவிட்டால், யாழ்ப்பாணம் தவிர்ந்த நான்கு மாவட்டங்களும் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் பங்கு 20. 1988இல் இணைந்த வடக்கு கிழக்குச் சபைக்காக வடக்குக்கு ஒதுக்கப்பட்டவையும் 36தான். அன்று யாழ்ப்பாணத்துக்கு 19, மற்ற நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து 17.

இந்த மாற்றத்துக்கு, போரும் இடப்பெயர்வும் குடாநாட்டின் மக்கள் தொகையைக் குறைத்தது ஒரு காரணம். வன்னியின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இன்னொரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மாகாண சபை ஆசனங்களைக் கணக்கிடும்போது மக்கள் தொகையோடு நிலப்பரப்பும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. 2013இல் முல்லைத்தீவின் வாக்காளர் தொகை கிளிநொச்சியினதைவிடக் குறைவு. ஆனாலும் அதற்கு ஓர் ஆசனம் அதிகம். காட்டையும் குளத்தையும் வயலையும் மதித்து ஆசனம் தரும் சட்டம் நமக்கு வேறு எங்கே கிடைத்திருக்கிறது?

சபையின் வாழ்நாள் தேர்தல் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அரசியலமைப்பின் 154உ உறுப்புரையின்படி, முதல் அமர்வுக்குக் குறித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். இடையில் கலைக்கப்படாவிட்டால், அக்காலம் முடிவதே கலைப்பாகிவிடும். 2013 ஒக்டோபர் 25இல் முதல் அமர்வு நடந்ததால், 2018 ஒக்டோபர் 24 நள்ளிரவோடு சபை தானாகக் கலைந்தது. இதற்கு முந்திய சபைக்கு அந்த ஆயுளும் வாய்க்கவில்லை. 1988 டிசெம்பரில் வரதராஜப் பெருமாளை முதலமைச்சராகக் கொண்டு அமைந்த நிர்வாகம் 1990 மார்ச்சில் இந்தியப் படையின் வெளியேற்றத்தோடு சரிந்தது. பின்னர் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பைச் செல்லாதென்றது. 2007 ஜனவரி முதல் மாகாணங்கள் இரண்டாயின. ஆகவே வடக்குக்கென்று தனியாக அமைந்து, முழுக் காலத்தையும் கண்ட சபை இது ஒன்றே.

அந்த ஐந்து ஆண்டுகளில் வன்னியின் 20 ஆசனங்கள் என்ன செய்தன? முதல் அமைச்சரவையில் முதலமைச்சர் தவிர்ந்த நால்வரில் மூவர் வவுனியா, கிளிநொச்சி, மன்னாரைச் சேர்ந்தவர்கள். முல்லைத்தீவுக்குப் பிரதி அவைத் தலைவர் பதவி கிடைத்தது, அமைச்சுப் பதவிக்கு 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் சபை பிறக்கும் முன்பே ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வகுக்கப்பட்டது. கோடைகாலப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஆண்டுதோறும் கூட்டம் வைத்து, குளத்து மட்டத்தைப் பார்த்துப் பங்கு பிரிக்கும் விவசாயிக்கு அத்திட்டம் என்னவாகத் தெரிந்திருக்கும் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விவசாயிகளின் எதிர்ப்பு சபைக்குள்ளும் ஒலித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் மாற்றுவழி யாழ். மாவட்டக் கடலோரமான தாளையடியில் பின்னர் உருவானது. இதற்கு மாறாக, 2016இல் விளைபொருள்களின் மொத்தச் சந்தையான வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று நம்மவர்களே இழுபறிப்பட்டார்கள்; கட்டடமோ மதவுவைத்தகுளத்தில் எழுந்தது. எண்ணிக்கை இருந்தும் ஒரே குரல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2017 ஜூனில் முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் மீளப் பெறப்பட்டதையும் இக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

ஆளுநரின் அதிகாரத்தை மறைத்துச் சபையை மட்டும் குறைகூறுவதும் நியாயமாகாது. சபை இயற்றும் நியதிச்சட்டத்துக்கு அவருடைய சம்மதம் வேண்டும். நிதி பற்றியதென்றால் அவருடைய சிபாரிசு முன்கூட்டியே வேண்டும். சபை அமைந்தபோது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற படை அதிகாரி.

சபை முடியும் முன்பே அடுத்த சபைக்கான வழி அடைபட்டுவிட்டது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உறுப்பினர்களில் பாதிப்பேரைத் தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்ய வகைசெய்ததால், தொகுதி எல்லைகளை வரைய வேண்டியதாயிற்று. அவ்வெல்லைகளை வரைந்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் நாடாளுமன்றத்தில் ஆதரவு வாக்கு ஒன்றேனும் இல்லாமல் 139 வாக்குகளால் தோற்றது. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அவ்வறிக்கையை மீண்டும் ஆராயும் மீளாய்வுக் குழு பிரதமரின் தலைமையில் அமைந்தது. வடக்குச் சபை கலைந்து இரண்டு நாளில் அந்தப் பிரதமரையே ஜனாதிபதி நீக்கியதால் நாடு வேறு கொந்தளிப்பில் மூழ்கியது. சபையின் ஆயுள் எப்போது முடியும் என்பதை அரசியலமைப்பே குறித்துவைத்தது. அடுத்தது எப்போது தொடங்கும் என்பதோ இச்சாதாரண சட்டத்தின் முடிச்சில் சிக்கிக்கொண்டது.

இம்முடிச்சை அவிழ்க்க, பழைய விகிதாசார முறைக்குத் திரும்பலாம். அல்லது தொகுதி எல்லைகளை மீண்டும் வரையலாம். இரண்டாவது வழி தெரிவானால், தலைக்கணக்கை மட்டும் வைத்து எல்லை போட எவரும் முன்வரக்கூடும். ஆகையால் வன்னியின் நெடுங்கேணியிலிருந்தும் மடுவிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் எழுத்துமூலக் கோரிக்கைகள் இப்போதே தயாராக வேண்டும் என்றும், நிலப்பரப்புக்குரிய ஆசனங்கள் அந்தந்த மாவட்டத்திலேயே நிலைக்க வேண்டும் என்பது அவற்றின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.