தாத்தாவின் விரலும் என் ஒரு பக்கமும்

மொரீஷியஸ் வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். புத்தகம் படிக்க நேரம் கண்டுபிடிப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் வகுப்பில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். "படிக்க ஆசைதான் டீச்சர், நேரம்தான் இல்லை" என்பதை அங்கே கேட்காத வாரமே கிடையாது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். காலையில் டீ ஆறுவதற்குள் பிரெஞ்சுச் செய்தித்தாளைப் புரட்டிவிடுகிறோம். அதே நேரத்தில் தமிழில் ஒரு பத்திகூட நகர்வதில்லை. வீட்டில் நம் தீவின் பேச்சு மொழியான கிரியோல் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து வளர்ந்த கண் நம்முடையது. தமிழில் மெதுவாகப் படிக்கிறோம், அதனால் பக்கம் நீளமாகத் தெரிகிறது, நேரம் போதவில்லை என்று மூடிவைக்கிறோம். மூடிவைப்பதால் இன்னும் மெதுவாகிறது. இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் படிப்பதில் வெட்கமே வேண்டாம் என்பதை நான் என் தாத்தாவிடம் கற்றேன். 1975 பிப்ரவரியில் வந்த ஜெர்வேஸ் புயல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் பெரியவர்கள் 1960இல் வந்த கரோலைச் சொல்வார்கள், எனக்கு ஜெர்வேஸ்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கூரைத் தகரம் இரண்டு பறந்துபோய், நாங்கள் ஏழு பேரும் கல் சுவர் வைத்த அடுப்படியில் ஒடுங்கியிருந்தோம். காற்று அடங்கிய பிறகும் பல நாள் கரண்ட் இல்லை, பள்ளி இல்லை. என் பாடப் புத்தகமெல்லாம் ஊறி உப்பிவிட்டது. அரிசி டின்னுக்குள் இருந்ததால் தப்பியது ஒரே ஒரு தமிழ் மாத இதழ். அதற்கு அட்டை கிடையாது.

தாத்தா அதை எடுத்துக்கொண்டு வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்தார். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர், எழுத்தைக் கோயில் மாலை வகுப்பில்தான் கற்றார். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, கூட்டிக் கூட்டி, சத்தமாகப் படிப்பார். ரயில் நிலையத்தில் அண்ணனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை அது. நான் ரயிலைப் பார்த்ததே இல்லை, நம் தீவில் பயணிகள் ரயில் 1956இலேயே நின்றுவிட்டதே! "ரயில்" என்ற சொல் வந்ததும் தாத்தா புத்தகத்தைத் தொடையில் கவிழ்த்துவிட்டு, தலைநகர் போர்ட் லூயிக்கு ரயிலில் போன கதையைச் சொன்னார். புகை, நிலக்கரித் தூள், வெள்ளைச் சட்டை பாழானது எல்லாம். அப்புறம் மறுபடி விரலை வைத்தார். மூன்று நாளில் இரண்டு பக்கம்தான் முடிந்தது. அதன் பிறகு எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன், அந்த இரண்டு பக்கம் அளவுக்கு எதுவும் என்னோடு தங்கவில்லை. கதையின் கடைசியில் "தொடரும்" என்று இருந்தது. அடுத்த இதழ் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

சரி, இன்றைக்கு வருவோம். எனக்கு வேலை போர்ட் லூயியில். பஸ்ஸில் படித்தால் வளைவுக்கு வளைவு தலை சுற்றும், அதனால் பல வருடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். 2022இல் மெட்ரோ கியூர்பிப் நகரம் வரை வந்தது. ஆட்டம் குறைவு. கையில் புத்தகம் ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், உதடு அசையப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பார்க்கட்டும். தெரியாத சொல்லுக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன், அகராதி வீட்டுக்கு வந்துதான். சொல்லுக்குச் சொல் நின்றால் கதை செத்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் உரையாடல் நிறைந்த கதையாக எடுங்கள், வரிகள் குட்டியாக இருக்கும், கண் களைக்காது. என் வகுப்பில் தினமும் ஒரு பக்கம் படித்தவர்கள் மூன்று நான்கு மாதத்தில் எழுத்துக் கூட்டுவதை விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து ஏழு பக்கம் படித்தவர்களுக்கு அது வரவில்லை. அதனால்தான் ஒரு பக்கம், தினமும் என்கிறேன்.

நம் ரூபாய் நோட்டைப் பாருங்கள், அதில் தமிழ் இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது நாம் எழுந்து நின்று கேட்டோம், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த எழுத்தின் மேல் அவ்வளவு பாசம் வைத்தவர்கள் நாம். அந்தப் பாசத்தில் தினம் ஒரு பக்கத்துக்கு இடம் கேட்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது பற்றிக் குறிப்பெல்லாம் எழுதி வந்தேன், அது போகட்டும். புத்தகம் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு மட்டும் ஒன்று. மதுரைத் திட்டம் என்று 1998 முதல் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண் மங்கியவர்களுக்கு வசதி. இன்னொன்று, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தா பாட்டி வைத்த பழைய தமிழ் இதழ் ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கோயில் வகுப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வணக்கம்.